டாக்டர் மகேந்திரலால் சர்க்கார்

1867-ஆம் ஆண்டு பிப்ரவரி 16-ஆம் நாள். கல்கத்தாவில் பிரிட்டிஷ் மருத்துவச் சங்கத்தின் வங்காளக் கிளை தனது நான்காம் ஆண்டுக் கூட்டத்தை நடத்திக்கொண்டிருந்தது. அவையில் பெரும்பாலோர் ஆங்கிலேய மருத்துவர்கள். சங்கத்தின் துணைத் தலைவர்களுள் ஒருவரான முப்பத்து மூன்று வயது வங்காள மருத்துவர் எழுந்து, மருத்துவ அறிவியலில் காணப்படும் நிச்சயமின்மையைப் பற்றிய தமது கட்டுரையைப் படிக்கத் தொடங்கினார். முதலில் அனைவரும் இசைந்து கேட்டனர். நாம் கொடுக்கும் மருந்து ஏன் வேலை செய்கிறது என்பது நமக்கே தெளிவாகத் தெரியவில்லை என்று அவர் கூறியபோதும் எவரும் மறுக்கவில்லை. ஆனால் கட்டுரை ஹோமியோபதியின் பக்கம் திரும்பி, அந்த முறையில் உண்மை இருப்பதாகத் தாம் சோதித்து அறிந்திருப்பதாக அவர் அறிவித்ததும் அவை கொந்தளித்தது. அவரைச் சங்கத்திலிருந்து விலக்க வேண்டும் என்ற குரல் அங்கேயே எழுந்தது.

அந்த மருத்துவர் மகேந்திரலால் சர்க்கார். இதே சங்கத்தின் தொடக்கக் கூட்டத்தில், 1863-இல், ஹோமியோபதியைப் போலி மருத்துவம் என்று கடுமையாகச் சாடியவரும் அவரே. நான்கு ஆண்டுகளுக்குள் ஒரு மனிதர் இப்படித் தலைகீழாக மாறக் காரணம் என்ன? அதை அறிய அவரது வாழ்க்கையைத் தொடக்கத்திலிருந்து பார்க்க வேண்டும்.

வங்காளத்தின் ஹௌரா மாவட்டத்திலுள்ள பாய்க்பாரா என்ற சிற்றூரில் 1833 நவம்பர் 2-ஆம் நாள் மகேந்திரலால் பிறந்தார். ஐந்து வயதில் தந்தையை இழந்தார். ஒன்பது வயதில் தாயும் மறைந்தார். கல்கத்தாவில் நேபுதலா பகுதியில் வாழ்ந்த தாய்மாமன்மார் அவரை வளர்த்தனர். செல்வம் இல்லாத வீடு அது. ஹேர் பள்ளியில் சேர்ந்த சிறுவன் உதவித்தொகை பெற்று இந்துக் கல்லூரிக்குச் சென்றான். அங்கே அறிவியல் படிக்கப் போதிய வழி இல்லை என்று கண்டு கல்கத்தா மருத்துவக் கல்லூரிக்கு மாறினான். இரண்டாம் ஆண்டு மாணவராக இருந்தபோதே ஒளியியலைப் பற்றி உடன் பயிலும் மாணவர்களுக்கு விரிவுரை ஆற்றும் அளவுக்கு அவரது அறிவு இருந்தது. 1863-இல் எம்.டி. பட்டம் பெற்றார். கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் அப்பட்டம் பெற்ற இரண்டாமவர் அவர். முதல்வர் சந்திரகுமார் தே. நகரின் செல்வந்தர்கள் அவரைத் தேடி வரலாயினர்.

அந்நாளைய மேலை மருத்துவத்தை இன்றைய மருத்துவமாக எண்ணிவிடக் கூடாது. காய்ச்சல் என்றால் நரம்பைக் கீறிக் குருதியை வடிப்பார்கள், அல்லது அட்டையை விடுவார்கள். பாதரச உப்பான காலமெல் பல நோய்களுக்கும் பொது மருந்து. அதைத் தின்றவர்களின் ஈறு வீங்கி, பல் ஆடி, வாயில் எச்சில் வழியும். மருந்து வேலை செய்வதன் அடையாளமாகவே அது கருதப்பட்டது! வாந்திபேதியில் ஏற்கெனவே உடல் நீர் முழுவதும் வற்றியவனுக்கு மேலும் பேதி மருந்து கொடுத்தவர்கள் உண்டு. நுண்ணுயிரிகளால் நோய் வரும் என்ற கொள்கை அப்போது ஐரோப்பாவிலேயே முழுமையாக வேரூன்றவில்லை.

மறுபுறம், ஜெர்மானிய மருத்துவரான சாமுவேல் ஹானிமன் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வகுத்த ஹோமியோபதி, வங்காளத்தில் மெல்லக் கால் ஊன்றிக்கொண்டிருந்தது. நலமாக உள்ளவனிடம் எந்தப் பொருள் ஒரு நோயின் குறிகளை உண்டாக்குகிறதோ, அதையே மிக மிகச் சிறிய அளவில் கொடுத்தால் அந்நோய் தீரும் என்பது அதன் அடிப்படை. கசப்பு இல்லை, கத்தி இல்லை, பாதரசம் இல்லை. சர்க்கரை உருண்டைகள் நிறைந்த ஒரு சிறு மரப்பெட்டியும் ஒரு புத்தகமும் போதும். வீட்டுத் தலைவரே மருந்து கொடுத்துவிடலாம். செலவும் குறைவு. ஐரோப்பாவிலிருந்து வந்ததாயினும் ஆள்வோரின் அரசாங்க மருத்துவமாக அது இல்லாததால், படித்த வங்காளியர் அதைத் தம்முடையதாக ஏற்றுக்கொள்வது எளிதாயிற்று. நோயாளியிடம் நெடுநேரம் அமர்ந்து, அவனது உறக்கம், கனவு, கோபம், உணவு விருப்பம் அனைத்தையும் கேட்டறிவது அதன் வழக்கம். நாடி பார்த்து, பத்தியம் சொல்லி, குடும்பத்தோடு உறவாடும் கவிராஜரைக் கண்டு பழகிய மக்களுக்கு இது அந்நியமாகத் தோன்றவில்லை. ஒரு மருத்துவ முறையை மக்கள் ஏற்பது மருந்தின் ஆற்றலை மட்டும் பொறுத்ததன்று. மருந்து தருபவர் தம்மை எப்படி நடத்துகிறார் என்பதையும் அவர்கள் எடைபோடுகிறார்கள்.

இம்முறையைக் கல்கத்தாவில் பரப்பியவர்களுள் முதன்மையானவர் ராஜேந்திரலால் தத்தர். பெரும் வணிகக் குடும்பத்தைச் சேர்ந்த இவர் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றவர் அல்லர். ஆனால் ஈசுவர சந்திர வித்தியாசாகரரின் தீராத தலைவலியைத் தமது மருந்தால் போக்கியவர் என்று புகழ் பெற்றிருந்தார். வித்தியாசாகரரோ அதன்பின் தாமே ஹோமியோபதி பயின்று, பிற்காலத்தில் கர்மாடாரில் தங்கியிருந்தபோது சந்தால் பழங்குடி மக்களின் குடிசைகளுக்கு மருந்துப் பெட்டியுடன் நடந்து சென்றார். தத்தர் மகேந்திரலாலிடம் பலமுறை வாதிட்டுப் பார்த்தார். பயனில்லை. இந்நிலையில், ஹோமியோபதியின் தத்துவம் பற்றி மார்கன் என்பவர் எழுதிய நூல் ஒன்றுக்கு மதிப்புரை எழுதும்படி ஒரு பத்திரிகை மகேந்திரலாலைக் கேட்டுக்கொண்டது. நூலைக் கிழித்தெறியும் நோக்கத்துடன்தான் அவர் படிக்க அமர்ந்தார். படித்து முடித்தபோது, ஒரு முறையைச் செயலில் பார்க்காமல் கண்டிப்பது நேர்மையாகாது என்ற எண்ணம் அவரை உறுத்தியது. தத்தரிடம் சென்று, அவரது நோயாளிகளைத் தாம் அருகிலிருந்து கவனிக்க அனுமதி கேட்டார். சில நோயாளிகளுக்கு மருந்தே கொடுக்காமல் உணவுக் கட்டுப்பாட்டை மட்டும் வைத்துப் பார்த்தார். பத்தியத்தாலேயே குணமாகிறதா, மருந்தாலா என்று பிரித்தறிய விரும்பினார். இறுதியில் மருந்தில் ஏதோ உண்மை உண்டு என்ற முடிவுக்கு வந்தார். அதைத்தான் அந்த பிப்ரவரி மாலையில் சக மருத்துவர்களிடம் சொன்னார்.

விளைவு உடனே தெரிந்தது. மருத்துவர்கள் அவருடன் கலந்தாலோசிக்க மறுத்தனர். நோயாளிகள் விலகினர். சில மாதங்கள் அவரது வீட்டு வாயிலில் வண்டிகள் வந்து நிற்கவே இல்லை. தம்மீது கூறப்பட்ட குற்றச்சாட்டுகளுக்கு மறுமொழி எழுதவும் மருத்துவப் பத்திரிகைகளில் இடம் கிடைக்கவில்லை. 1868 ஜனவரியில் அவர் கல்கத்தா ஜர்னல் ஆஃப் மெடிசின் என்ற இதழைத் தாமே தொடங்கினார். ஹோமியோபதியை ஏற்றபோதும் மற்ற மருத்துவ முறைகளை அவர் தூற்றவில்லை. மருத்துவன் எல்லா முறைகளையும் கற்றறிந்து, உண்மை எங்கிருந்தாலும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதே அவரது நிலை. இக்காரணத்தால் தீவிர ஹோமியோபதியர் சிலருக்கும் அவர் உவப்பானவராக இல்லை.

1878-இல் கல்கத்தாப் பல்கலைக்கழகம் தனது உறுப்பினரான அவரை மருத்துவப் புலத்தில் சேர்த்தபோது பழைய பகை மீண்டும் தலைதூக்கியது. ஹோமியோபதியைக் கையாளும் ஒருவருடன் அமர மாட்டோம் என்று புலத்தின் உறுப்பினர்கள் மறுத்தனர். நீண்ட கடிதப் போராட்டத்திற்குப் பின் மகேந்திரலால் தாமே விலகிக்கொண்டார்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் செல்வது முறையன்று. மகேந்திரலாலின் சோதனைகள் நேர்மையானவை. ஆனால் இன்றைய அளவுகோலின்படி போதுமானவை அல்ல. நோயாளி, மருத்துவர் இருவருமே எது மருந்து, எது வெறும் சர்க்கரை என்று அறியாத நிலையில் ஒப்பிட்டுப் பார்க்கும் முறை அன்று மருத்துவத்தில் வழக்கத்தில் இல்லை. அம்முறையில் பின்னாளில் நடந்த பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், ஹோமியோபதி மருந்து வெற்று உருண்டையைவிட மேலான பலன் தருவதற்கு நம்பத்தக்க சான்று இல்லை என்றே முடிவு செய்தனர். ஆஸ்திரேலியாவின் தேசிய மருத்துவ ஆராய்ச்சிக் குழு 2015-இல் வெளியிட்ட அறிக்கையும் அவ்வாறே கூறுகிறது. அப்படியானால் அவர் கண்ட குணம் என்ன? குருதி வடித்தலிலிருந்தும் பாதரசத்திலிருந்தும் நோயாளி தப்பியதே பெரும் நன்மை. ஓய்வும், ஒழுங்கான உணவும், அக்கறையுள்ள மருத்துவரும், உடலின் இயல்பான ஆற்றலும் மற்றதைச் செய்தன என்று கொள்வதே பொருத்தம். தமது முடிவு தவறென்று சான்று காட்டப்பட்டிருந்தால் அதையும் ஓர் அவையில் எழுந்து அறிவித்திருப்பார், 1863-இல் பேசியதை 1867-இல் மறுத்துக்கொண்ட அந்த மனிதர்.

அவரது வாழ்வின் மறக்க முடியாத அத்தியாயம் 1885-இல் தொடங்கியது. ஸ்ரீராமகிருஷ்ணருக்குத் தொண்டையில் வலி கண்டு நாளுக்கு நாள் மோசமாகியது. சிகிச்சைக்காகப் பக்தர்கள் அவரைத் தட்சிணேசுவரத்திலிருந்து கல்கத்தாவுக்கு அழைத்து வந்தனர். புகழ்பெற்ற கங்காபிரசாத் சேன் உள்ளிட்ட கவிராஜர்கள் பரிசோதித்து, ரோகிணி என்று தங்கள் நூல்கள் கூறும் நோய் இது, தீராதது என்று தெரிவித்தனர். மேலை மருத்துவர்கள் புற்றுநோய் என்று அழைப்பதும் அதுவே. வீரியமான மருந்துகளை ஸ்ரீராமகிருஷ்ணரின் உடல் சிறிதும் தாங்காது. ஆதலால் பக்தர்கள் ஹோமியோபதியைத் தேர்ந்தனர். சியாம்புகூர் வீட்டிற்கு மகேந்திரலால் வரவழைக்கப்பட்டார்.

முதல் நாள் அவர் வழக்கம்போல் கட்டணம் பெற்றுச் சென்றார். செலவு முழுவதையும் எளிய பக்தர்கள் தங்களுக்குள் பகிர்ந்து ஏற்கிறார்கள் என்பதை அறிந்தபின் ஒரு காசும் வாங்கவில்லை. இவ்வளவு பேர் இந்த மனிதருக்காக ஏன் இப்படி வாழ்கிறார்கள் என்று அறியும் ஆவல் அவருக்கு. சிறிது நேரம் பார்த்துவிட்டுப் போக வந்தவர் மணிக்கணக்கில் அமர்ந்துவிடுவார். அவரது வருகைக்காக மற்ற நோயாளிகள் காத்துக் கிடந்தனர், வருவாய் குறைந்தது. அதிகாலை மூன்று மணிக்கே விழித்துக்கொண்டு, பரமஹம்சருக்குக் குளிர் பட்டிருக்குமோ என்று கவலைப்பட்டதாகத் தாமே ஒருநாள் ஒப்புக்கொண்டார். நோயாளி யாருடனும் அதிகம் பேசக் கூடாது என்று கண்டிப்பாகக் கட்டளையிட்டவர், தம்முடன் மட்டும் பேசலாம் என்று விலக்கு அளித்துக்கொண்டதை எண்ணிப் பக்தர்கள் சிரித்துக்கொண்டனர்.

உணவு விஷயத்தில் அவர் துருவித் துருவிக் கேட்பார். ஒருநாள் நோய் சற்று மிகுந்திருக்கக் கண்டு, பத்தியத்தில் எங்கோ தவறு நேர்ந்திருக்கிறது என்று சொல்லி ஒவ்வொன்றாக விசாரித்தார். குழம்பில் காலிஃபிளவர் சேர்ந்திருந்தது தெரிந்ததும், அது எளிதில் செரிக்காது என்று கடிந்துகொண்டு விலக்கினார். சமையல் பொறுப்பு அன்னை ஸ்ரீசாரதாதேவியிடம் இருந்தது. ஆடவர் நிறைந்த அந்தச் சிறிய வீட்டில், தனிமைக்கு இடமின்றி, யார் கண்ணிலும் படாமல், விடியற்காலை முதல் இரவு வரை அவர் பத்திய உணவு சமைத்தார். கவிராஜர் ஆயினும், டாக்டர் ஆயினும், பாட்டி வைத்தியம் ஆயினும், நம் நாட்டில் மருத்துவத்தின் பாதி சமையலறையில் அல்லவா நடக்கிறது!

மகேந்திரலால் இறைவனை மறுத்தவர் அல்லர். ஆனால் ஒரு மனிதரை அவதாரம் என்று கொண்டாடுவதும், அவர் காலில் விழுந்து பாத தூளி எடுப்பதும் அவருக்கு ஒவ்வாதவை. நல்ல மனிதரை இப்படிக் கெடுக்கிறீர்கள் என்று பக்தர்களிடம் வெளிப்படையாகவே கூறினார். நாடக ஆசிரியர் கிரீஷ் சந்திர கோஷும் பின்னாளில் சுவாமி விவேகானந்தராகிய நரேந்திரரும் அவருடன் நெடுநேரம் வாதிட்டனர். அறிவியல் உண்மை ஒன்றுக்காக ஒருவர் வாழ்வையே அர்ப்பணிக்கும்போது, அனைத்திலும் மேலான உண்மைக்காக வாழ்பவரை வணங்குவதில் என்ன குறை என்பது நரேந்திரரின் வாதம். விவாதம் சூடேறிய ஒருநாளில், பாத தூளி எடுப்பதில் என்ன இருக்கிறது, எல்லோரிடமும் எடுக்கிறேன் என்று சொல்லி, ஸ்ரீராமகிருஷ்ணரின் பாதத்தைத் தொட்டதோடு நில்லாமல் அங்கிருந்த பக்தர்களின் பாதங்களையும் அவர் தொட்டு வணங்கினார். வாதத்தில் வென்றது யார் என்று எவராலும் சொல்ல முடியவில்லை. நரேந்திரரின் பாடலையும் அறிவையும் மகேந்திரலால் மிகவும் விரும்பினார்.

அவ்வாண்டு துர்க்கா பூஜையின்போது, சந்தி பூஜை வேளையில் ஸ்ரீராமகிருஷ்ணர் திடீரெனச் சமாதியில் ஆழ்ந்தார். மகேந்திரலால் இதயத் துடிப்பு அறியும் கருவியை வைத்துச் சோதித்தார். உடனிருந்த மற்றொரு மருத்துவர் திறந்திருந்த கண்ணின் விழியை விரலால் தொட்டுப் பார்த்தார், இமை அசையவில்லை. அறிவியலுக்கு இது இன்னும் விளங்காத நிலை என்று இருவரும் ஒப்புக்கொண்டனர். தமக்கு விளங்காததை இல்லை என்று சொல்லிவிடாமலும், விளங்கிவிட்டதாகப் பாசாங்கு செய்யாமலும் அவர் நின்றார்.

டிசம்பர் 11-ஆம் நாள் ஸ்ரீராமகிருஷ்ணர் காசிப்பூர் தோட்ட வீட்டிற்கு மாறினார். பழைய நண்பர் ராஜேந்திரலால் தத்தரும் அங்கு வந்து மருந்து கொடுத்தார். சில வாரங்கள் வலி தணிந்ததுபோல் இருந்தது. மருத்துவக் கல்லூரியின் ஆங்கிலேய முதல்வரும் வந்து பார்த்தார். கவிராஜர், ஆங்கில மருத்துவர், ஹோமியோபதியர் என மூன்று மரபினரும் ஒரே படுக்கையருகே நின்றனர். மூவராலும் நோயைத் தடுக்க முடியவில்லை. 1886 ஆகஸ்ட் 16-ஆம் நாள் அதிகாலையில் ஸ்ரீராமகிருஷ்ணர் மகாசமாதி அடைந்தார். உடல் வெதுவெதுப்பாக இருக்கிறதே, சமாதி கலையக் கூடுமோ என்று பக்தர்கள் நம்பிக்கையுடன் காத்திருந்தனர். நண்பகலில் மகேந்திரலால் வந்தார். பரிசோதித்து, உயிர் பிரிந்துவிட்டதை உறுதிப்படுத்தினார். புகைப்படம் எடுக்கும்படி சொல்லி, அதற்காகப் பத்து ரூபாயைக் கொடுத்துவிட்டுச் சென்றார். பக்தர்கள் சூழ நிற்கும் அந்தக் கடைசிப் படங்கள் இன்று நமக்குக் கிடைத்திருப்பது அவரால்தான்.

மருத்துவத்தைவிடவும் அவர் நெஞ்சில் நிறைந்திருந்த கனவு மற்றொன்று. இந்தியர்கள் தாமே அறிவியல் ஆராய்ச்சி செய்ய ஓர் இடம் வேண்டும் என்று 1869-இலேயே தமது இதழில் எழுதினார். பங்கிம் சந்திரர் தமது வங்கதர்சனத்தில் அதை ஆதரித்தார். தூய அறிவியலால் வயிறு நிறையுமா, கைத்தொழில் கற்றுத்தரும் பள்ளி போதாதா என்று கேட்டவர்களும் இருந்தனர். செயிண்ட் சேவியர் கல்லூரியின் ஏசு சபைத் துறவி லாஃபாண்ட் பாதிரியார் மகேந்திரலாலுக்குத் துணை நின்றார். பல ஆண்டுகள் செல்வர்களின் வாயிலில் ஏறி இறங்கிப் பொருள் திரட்டி, 1876 ஜூலை 29-இல் பௌபஜார் தெரு 210-ஆம் எண் கட்டடத்தில் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தை அவர் தொடங்கினார். மாலை வேளைகளில் சொற்பொழிவுகள் நடந்தன. கருவிகள் வந்து சேர்ந்தன. விஜயநகர மகாராஜாவின் கொடையால் ஆய்வகமும் எழுந்தது. ஆனால் முழுநேரப் பேராசிரியர்களை நியமிக்கும் அளவுக்கு நிதி சேரவே இல்லை. இறுதிக் காலத்தில் அவர் இதை எண்ணி மிகவும் மனம் நொந்தார். கழகம் தோற்றுவிட்டது என்றே கருதினார்.

பிற பணிகள் பல. 1871-இல் கேசவ சந்திர சேனர் பெண்களின் திருமண வயதைப் பற்றி மருத்துவர்களின் கருத்தைக் கேட்டபோது, பதினாறுக்குக் குறையக் கூடாது என்றார் மகேந்திரலால். மறு ஆண்டு வந்த சட்டம் பதினான்கை வைத்தது. 1887-இல் கல்கத்தாவின் ஷெரீப் ஆனார். முன்பு அவரை மருத்துவப் புலத்தில் அமர விடாத பல்கலைக்கழகம் 1898-இல் கௌரவ டாக்டர் பட்டம் அளித்தது. வைத்தியநாத தாமத்தில் தொழுநோயாளிகளுக்காக மனைவி ராஜகுமாரியின் பெயரில் இல்லம் ஒன்றை அமைத்தார். வைத்தியநாதன் என்ற பெயர் தாங்கிய இறைவனின் வாயிலில் மருத்துவரால் கைவிடப்பட்டவர்கள் காலங்காலமாக வந்து விழுவார்கள். இல்லத்திற்கு அதைவிடப் பொருத்தமான இடம் கிடைத்திருக்காது.

1904 பிப்ரவரி 23-ஆம் நாள் மகேந்திரலால் சர்க்கார் காலமானார். கழகத்தின் பொறுப்பை மகன் அமிர்தலால் ஏற்றார். ஆய்வகங்கள் பெரும்பாலும் வெறிச்சோடிக் கிடந்தன. அப்போது சென்னை மாநிலக் கல்லூரியில் பதினைந்து வயதுத் தமிழ் மாணவர் ஒருவர் படித்துக்கொண்டிருந்தார். 1907-இல் அவர் நிதித்துறை அதிகாரியாகக் கல்கத்தாவிற்கு வந்தார். டிராம் வண்டியில் போகும்போது பௌபஜார் தெருவில் கழகத்தின் பெயர்ப்பலகை கண்ணில் பட்டது. இறங்கிச் சென்று கதவைத் தட்டினார். அமிர்தலால் அவரை வரவேற்று, ஆய்வகத்தைப் பயன்படுத்திக்கொள்ளச் சொன்னார். அலுவலகம் செல்வதற்கு முன்னும், அலுவலகம் முடிந்த பின்னும் அங்கே உழைத்த அந்த இளைஞர் சந்திரசேகர வெங்கட ராமன். 1928 பிப்ரவரி 28-ஆம் நாள் ராமன் விளைவு கண்டறியப்பட்டது அந்தக் கழகத்தில்தான்.